ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் பஞ்சர் சாமான்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு வேதியியல் வகுப்பில். டீச்சர் ரப்பரின் மூலக்கூறு சங்கிலியைப் பலகையில் நீளமாக இழுத்துக்கொண்டே போனார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் உதட்டுக்கு நடுவே ஒரு சின்ன ரப்பர்த் துண்டைக் கவ்விக்கொண்டு அந்தச் சங்கிலியை நோட்டில் வரைந்துகொண்டிருந்தாள். தீக்குச்சித் தடிமன், நகத்தளவு நீளம். வால்டியூப் என்பார்கள். சாதா சைக்கிள் வால்வுக்குள் இருக்கும் ஆணிமேல் உறைபோல மாட்டுவது. காற்று உள்ளே போக விடும், வெளியே வர விடாது. வெயிலில் இறுகி வெடித்துவிட்டால் டயர் ஒரு மணி நேரத்தில் தரையோடு தரை. மாட்டுவதற்கு முன்னால் வாயில் ஊறவைத்தால் ஆணியில் சுலபமாக ஏறும்.

‘இந்த ரப்பரை மென்றுகொண்டு எத்தனை நாள் திரிவாள்? இரண்டு டியூபையும் மோட்டார் வால்வு டியூபாக மாற்றிவிட்டால் என்ன?’ என்று எனக்குத் தோன்றியது. மோட்டார் சைக்கிளில் இருக்குமே, தடிமனான வால்வு, நடுவில் ஸ்பிரிங் வைத்த ஊசியோடு, அது. வால்டியூபே வேண்டாம். பீரியடு முடிவதற்குள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, அடியில் கோடும் போட்டுவிட்டேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

அவளுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவளைக் கேட்காமல் அவளுடைய எதையும் எடுத்துக் கையாள எனக்கு உரிமையில்லை என்று ஏழு வருஷமாகத் தெரியும்.

முதலில் ஒரு கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அவளைப் புரியும். எங்கள் பள்ளி திருநகர் பக்கம். விடுவது நாலு பத்துக்கு. அவள் ஊர் திருப்பரங்குன்றத்தைத் தாண்டி மேற்கே, கண்மாய்க்கரை வழியாக எட்டரை கிலோமீட்டர். மிதித்தால் நாலு ஐம்பத்தைந்துக்கு வீடு. ஐந்து இருபதுக்கு அந்த ஊர் நிழற்குடைக்கு மில் வேன் வரும். சாயங்கால ஷிஃப்டுக்கு அவள் அம்மா அதில் ஏற வேண்டும். அப்பா கட்டிட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கட்டிலில் கிடந்தார். பகலெல்லாம் அம்மா பார்த்துக்கொள்வார். சாயங்காலம் மகள் வந்து நின்றால்தான் அம்மா படி இறங்க முடியும். அம்மா வேலைக்குப் போனால்தான் மகள் பள்ளிக்குப் போக முடியும். நாலு ஐம்பத்தைந்துக்கும் ஐந்து இருபதுக்கும் நடுவே இருபத்தைந்து நிமிஷம். அதில் அம்மா நிழற்குடைக்கு நடக்க ஐந்து. மிச்சம் இருபதை அவள் ஒரு பஞ்சருக்கு ஒதுக்கி வைத்திருந்தாள். கருவேல முள் கொட்டிக்கிடக்கும் கரைப்பாதையில் ஒரு நாளைக்கு ஒரு பஞ்சர் ஆகலாம். இரண்டாவதுக்கு அவளிடம் நேரமில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. “வீட்டுக்குப் போகணும்” என்பாள். அவளிடமிருந்து வரும் அதிகபட்ச வாக்குமூலம் அதுதான். எதையும் யாரிடமும் கேட்க மாட்டாள். பேனா, உதவி, சலுகை, இரக்கம் எதுவும். கேட்டுப் பழகாத வாய் அது.

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்தான் அவளுடையது. எல்லாருக்கும் கிடைத்தது, பாதிப் பேர் வீட்டில் அது துணி காயப்போட உதவியது. அவளுக்கு மட்டும் அது கால் மாதிரி. பஞ்சர் ஒட்டும் சாமான்களை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் வைத்திருந்தாள். காம்பஸ், கோணமானி எல்லாவற்றையும் வெளியேற்றிவிட்டு உள்ளே பாதி பிதுக்கிய சொல்யூசன் பசை டியூப், இரண்டாக மடித்த உப்புத்தாள், பழைய டியூபில் வட்டவட்டமாக வெட்டிய ஒட்டுகள், நாலைந்து வால்டியூப், ஒரு சாக்பீஸ். டயரை நெம்ப இரண்டு எவர்சில்வர் ஸ்பூன். கேரியரில் முழ நீளக் கைப்பம்பு ஒன்றைக் கட்டியிருப்பாள்.

கணக்கு சார் ஒருநாள் வட்டம் வரையச் சொன்னார். அவள் பெட்டியைத் திறந்தாள். சொல்யூசன் வாடை மூன்று பெஞ்சுக்குப் போனது.

“காம்பஸ் எங்கம்மா?”

“இல்ல சார்.”

சார் பெட்டியை எட்டிப் பார்த்தார். “இதென்ன, சைக்கிள் கடையக் கட்டித் தூக்கிட்டு வந்திருக்க?”

வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி, “சார், எனக்கும் காத்துக் கம்மியா இருக்கு சார்” என்றாள். இவள் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. ஒரு ரப்பர் ஒட்டை எடுத்து நோட்டில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தாள். சுத்தமான வட்டம். பென்சில் முனையால் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். சார் அதைப் பார்த்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்.

எனக்கும் அவளுக்கும் பழக்கமானதே காற்றால்தான். அப்பா எனக்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். அதன் வால்வு வேறு மாதிரி; பென்சில் போல ஒல்லியாக, நுனியில் ஒரு குட்டித் திருகு. பிரெஸ்டா என்று பெயர். இந்த ஊரில் அதற்குக் காற்றடிக்கத் தெரிந்த கடையைத் தேடுவதே ஒரு பயணம். ஒருநாள் பள்ளி விட்டு வெளியே வந்தால் முன் சக்கரம் சப்பை. சுற்றி நின்ற தோழிகள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

“மாப்ள, இம்புட்டு வெல குடுத்து வாங்கி, காத்தடிக்க முடியாத சைக்கிளாடி?”

“வாயால ஊதிப் பாரு. அதான் உனக்கு நெறைய வருமே.”

அவள் கூட்டத்துக்குள் வந்தாள், நுனித் திருகை விரலால் இரண்டு சுற்றுத் தளர்த்தினாள், தன் பம்பின் மூக்கை அதில் மாட்டினாள். பொருந்திவிட்டது! சாதா சைக்கிள் வால்வின் வாயும் இதன் வாயும் கிட்டத்தட்ட ஒரே அளவு என்பது, இரண்டு வருஷமாக அதைப் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்த எனக்குத் தெரியாது. அந்த வால்வை அன்றுதான் முதலில் பார்த்தவளுக்குத் தெரிந்தது. முப்பது அடி அடித்தாள். திருகை மூடினாள். மணிக்கட்டைப் பார்த்தாள். போய்விட்டாள். நன்றி சொல்ல நான் வாய் திறந்தபோது அவள் தெருமுனையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு நான்தான் அவளோடு ஒட்டிக்கொண்டேன். திருப்பரங்குன்றம் வரைக்கும் கூடவே சைக்கிளில் போவேன். நான் பேசிக்கொண்டே வருவேன், அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே வருவாள். அப்படி ஒருநாள் அவளுக்குப் பஞ்சர். சைக்கிளைச் சாய்த்தாள், ஸ்பூனால் டயரை நெம்பினாள், டியூபை உருவிக் கொஞ்சம் காற்றடித்து மேலுதட்டின் மேல் மெதுவாக நகர்த்தினாள். காற்று எங்கே படுகிறதோ அங்கே ஓட்டை. தண்ணீர்கூட வேண்டாம். உப்புத்தாளால் தேய்த்தாள். சொல்யூசன் தடவினாள். தடவிவிட்டு, வெறுமனே உட்கார்ந்திருந்தாள்.

“ஒட்ட வேண்டியதுதான?”

“இரு.”

“நேரமாகுதுன்னு நீதானே சொன்ன?” குனிந்து ஊத ஆரம்பித்தேன்.

“ஊதாதடி. எச்சி பட்டா ஒட்டாது.” விரலின் பின்பக்கத்தால் பசையைத் தொட்டுப் பார்த்தாள். “விரல்ல ஒட்டக் கூடாது. அப்பத்தான் டியூப்ல ஒட்டும்.”

நாலு நிமிஷம். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அம்புட்டு அவசரத்தில் இருக்கிற ஒருத்தி அந்த நாலு நிமிஷத்தில் அசையவே இல்லை. எனக்குக் கை கால் எல்லாம் ஊர்ந்தது. பிறகு ஒட்டை வைத்து, ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்து, சாக்பீஸ் பொடியைத் தூவினாள். டயரின் உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள். முள் நுனி இன்னும் அங்கேயே இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அவளைப் பிடிக்காதவர்கள் வகுப்பில் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். காலாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒருநாள் யாரோ விளையாட்டாக சைக்கிள் ஸ்டாண்டில் ஏழெட்டு சைக்கிளின் வால்டியூபைப் பிடுங்கிவிட்டார்கள். அவளுடையதையும். அவள் பெட்டியைத் திறந்தாள், தன் இரண்டு சக்கரத்துக்கும் மாட்டினாள், காற்றடித்தாள், ஏறப் போனாள். பக்கத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழுதுகொண்டு நின்றது. பெட்டியில் இன்னும் மூன்று வால்டியூப் இருந்தது; நானே பார்த்தேன். அவற்றை என் கையில் திணித்தாள். பம்பை மட்டும் கொடுக்கவில்லை.

“பம்பு வேணாமா? இதுக்குக் காத்து யாரு அடிப்பா?” என்று கத்தினேன்.

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். “கல் நெஞ்சுக்காரி” என்றாள் பின் பெஞ்சுக்காரி. நானும் தலையாட்டினேன். மறுநாள் காலையில் நான் பேசாமல் இருந்தபோது, “நேத்து நிக்க முடியல” என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் ஒரு சொல் சேர்த்திருந்தால் நான் உருகியிருப்பேன். அவள் சேர்க்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் வந்தது. இயற்பியல் டீச்சர் கண்டிப்பானவர்.

“எல்லாருக்கும் வீடு இருக்கு. உனக்கு மட்டும் என்ன?”

“காலையில வாரேன் டீச்சர்.”

“காரணம் கேட்டேன்.”

“காலையில ஏழரைக்கு வாரேன் டீச்சர்.”

வந்தாள். தினமும். வகுப்பு பூட்டியிருக்கும், சைக்கிள் ஸ்டாண்டின் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து, நாங்கள் சாயங்காலம் போட்ட கணக்குகளை என் நோட்டைப் பார்த்துப் போடுவாள். அந்த நோட்டைக்கூட அவள் கேட்டதில்லை. நானாகத் திட்டில் வைத்துவிட்டுப் போவேன். அரையாண்டில் இயற்பியலில் அவள்தான் முதல். டீச்சர் பேப்பரைக் கொடுத்துவிட்டு அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். “இன்ஜினியரிங்கா?” என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். அப்படி அவள் ஒன்றை ஆசைப்பட்டதாக ஒப்புக்கொண்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இனி என் யோசனைக்கு வருகிறேன்.

பழங்காநத்தத்தில் ஒரு பெரிய கடையில் மோட்டார் வால்வு வைத்த சைக்கிள் டியூப் இரண்டு வாங்கினேன். ஒரு வியாழக்கிழமை, அவள் விட்டுப்போன செய்முறையை முடிக்க ஆய்வகத்தில் இருந்த நேரம், விளையாட்டுப் பீரியடில் அவள் சைக்கிளைப் பள்ளிக்கு எதிரே இருந்த கடைக்கு உருட்டிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஊர்ப் பக்கம் ஓட்டுற சைக்கிளுக்கு இது எதுக்கு பாப்பா?”

“வால்டியூப் தொல்லை இருக்காதுல்லண்ணே. காத்தும் நிக்கும்.”

“நிக்கும். அடிக்கிறதுக்கு? சாதா பம்பு இதுல ஏறாதே.”

“பெட்ரோல் பங்க்ல அடிச்சுக்கலாம்ணே. ஒரு நிமிஷ வேலை.”

எங்கள் வீட்டிலிருந்து திருமங்கலம் ரோட்டில் எந்தப் பக்கம் போனாலும் பங்க் உண்டு. கண்மாய்க்கரையில் என்ன இருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. அந்தப் பாதையில் நான் ஒருநாளும் போனதில்லை. பம்பு ஒன்று பிறகு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு. அண்ணன் பழைய டியூபுகளை உருவினார். இரண்டிலும் சேர்த்துப் பதினேழு ஒட்டு. எண்ணினேன். ஒவ்வொன்றும் வட்டம்.

“இதக் கட்டித் தரவா?”

“வேணாம்ணே, நீங்களே வச்சுக்கங்க.”

கத்திரியை எடுத்து நீளவாக்கில் கிழித்து, கேரியர் கட்டும் வாராக ஆணியில் தொங்கவிட்டார்.

நாலு பத்துக்கு அவள் ஸ்டாண்டுக்கு வந்தாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பின் சக்கரத்துக்குக் குனிந்தவள், வால்வைப் பார்த்தாள். மூடியைக் கழற்றி நடுவில் இருந்த ஊசியை நகத்தால் அமுக்கினாள். புஸ் என்றது. தன் பம்பின் மூக்கை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. எழுந்தாள்.

“பழைய டியூபு எங்க?”

இரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

“கிழிச்சாச்சு! இனிமே நீ வால்டியூபக் கடிக்க வேணாம்” என்று சிரித்தேன். “பம்பு நான் வாங்கித் தாரேன். ஞாயித்துக்கிழமை.”

ரோட்டைப் பார்த்தாள். சைக்கிள் கடையைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள். ஏறி மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பம்பு வாங்கினேன், பொய் சொல்லவில்லை. இரண்டு வகை வால்வுக்கும் பொருந்துகிற, கால் வைத்து அடிக்கிற நல்ல பம்பு. என் சைக்கிளில் ஒருமுறை சோதித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று கட்டிலுக்கு அடியில் வைத்தேன். திங்கட்கிழமை அறிவியல் கண்காட்சிக்குப் பெயர் கேட்டார்கள். காற்றாலை மாடல் செய்வதென்று முடிவானது. எனக்கு ஒன்று பிடித்துவிட்டால் மற்றதெல்லாம் விளக்கில்லாத வீடுதான், எங்கே எது கிடக்கிறதென்று தெரியாது. எட்டு நாள் பிளாஸ்டிக் பாட்டில் வெட்டினேன். அதில் பள்ளி இருந்த நாளெல்லாம் காலையில் அவள் திட்டில் உட்கார்ந்திருந்தாள், நான் நோட்டை வைத்தேன், அவள் போட்டாள். “பம்பு என்னாச்சு?” என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று மதியமே வீட்டுக்கு ஓடி எடுத்து வந்திருப்பேன். ரொம்ப நாள் இந்தச் சாக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். கேட்கப் பழகாதவளைக் கேட்க வேண்டிய நிலையில் நிறுத்தினது யார் என்று பிறகுதான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை அவள் வரவில்லை. வியாழன், வெள்ளி வரவில்லை. சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பம்பை எடுத்துக்கொண்டு, முதல் தடவையாக அந்தக் கரைப்பாதையில் போனேன். இரண்டு பக்கமும் கருவேலம். ஒரு கடை இல்லை.

ஓட்டு வீடு. யூனிபார்மில் போய் நின்ற என்னைப் பார்த்து, கட்டிலில் கிடந்தவர், “பள்ளிக்கூடத்துலருந்தா?” என்று கேட்டார். அவள் அப்பா என்று கண்ணைப் பார்த்ததும் தெரிந்தது.

“என்கூடப் படிக்கிற பிள்ளப்பா” என்றாள் அவள். அவள் கையில் ஈரத் துணி இருந்தது. அவர் வலது தொடையில் மாவுக்கட்டு.

“வா தாயி” என்று அம்மா உள்ளேயிருந்து வந்தார். “புது டியூபு வாங்கிப் போட்டுக் குடுத்த பிள்ள நீதானா? சொன்னா. நல்லா இருப்ப நீ.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

நடந்ததை அம்மாதான் சொன்னார். செவ்வாய்க்கிழமை ஐந்து மணி ஆகியும் மகளைக் காணோம். பஞ்சராக இருக்கும், எப்படியும் வந்துவிடுவாள், எத்தனை தடவை அப்படிக் கடைசி நிமிஷத்தில் வந்து நின்றிருக்கிறாள் என்று நம்பி அம்மா நிழற்குடைக்கு நடந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் அன்று ஆள் இல்லை. வேன் வந்தது. கரைப்பக்கம் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டார். இங்கே அப்பாவுக்குத் தண்ணீர் தாகம். மகள் வருவாள் வருவாள் என்று பார்த்துவிட்டு, கையை ஊன்றிச் சொம்பை எட்டியிருக்கிறார். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். மகள் வந்தபோது மணி ஆறு. அரை மணி நேரம் தரையில் குப்புறக் கிடந்திருக்கிறார்.

“எனக்கு வலியே இல்ல பாப்பா” என்று அவர் சிரித்தார். “காலு ஒடிஞ்சதே டாக்டரு சொல்லித்தான் தெரியும். மறுநா வீங்கின பெறகுதான பாத்தாக. ஒணர்ச்சி இல்லாததுல ஒரு லாபம்.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“முள்ளுக் குத்திருச்சு, நேரமாயிருச்சுங்கிறா. எம்புட்டோ தடவ முள்ளுக் குத்திருக்கு. அன்னைக்கு மட்டும் இவளுக்கு என்ன வந்துச்சுன்னு தெரியல” என்றார் அம்மா.

அவள் இதற்கும் வாய் திறக்கவில்லை. சைக்கிள் வெளியே சுவரில் சாய்ந்திருந்தது, பின் சக்கரம் சப்பையாக. நான் எழுந்து போனேன். அவளும் பின்னால் வந்தாள்.

“ஒட்டலையா?” என்று கேட்டேன்.

“ஒட்டிட்டேன். அங்கனயே. காத்துதான் அடிக்க முடியல. துணியச் சுத்தி, ஹேர்பின்ன வச்சு ஊசிய அமுக்கிக்கிட்டே பம்ப வச்சுப் பாத்தேன். போன காத்தெல்லாம் வந்துருச்சு.”

“அப்புறம்?”

“உருட்டிட்டு வந்தேன்.”

“யாரும் வரலையாடி அந்தப் பக்கம்?”

“ரெண்டு வண்டி போச்சு.”

கை காட்டினாயா என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

பம்பை நீட்டினேன். வாங்கினாள். சக்கரத்தருகே குந்தினாள், வாயை மாட்டி, பிடியை மடக்கினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. எழுந்து நின்று அடிக்க ஆரம்பித்தாள். டயர் மெல்ல மெல்ல எழுந்தது. அமுக்கிப் பார்த்தாள். எச்சில் தொட்டு வால்வின்மேல் வைத்தாள், குமிழி வரவில்லை. டயரோடு காதை வைத்துக் கேட்டாள். ஒட்டும் நின்றது. வேலையில் ஒரு குறையும் இல்லை.

பம்பை மடக்கி என்னிடம் கொடுத்தாள்.

“நீயே வச்சுக்கடி. உனக்குத்தான் வாங்கினேன்.”

“நான் எங்க போகப் போறேன்?” என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு கொஞ்சம் தீர்ந்திருக்கும். மணி என்ன என்று கேட்டால் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். எலும்பு கூடுகிறவரைக்கும், படுக்கைப் புண் ஆறுகிறவரைக்கும், இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் மாற்றி மாற்றி வேண்டும். அம்மா ஷிஃப்டை விட்டால் வீடு நடக்காது; ராத்திரி வேலை பார்த்தவர் பகலெல்லாம் தனியாக விழித்திருக்கவும் முடியாது. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. அவள் செய்முறைத் தேர்வுக்கு வரவில்லை. அவள் பெயருக்கும் ஹால் டிக்கெட் வந்திருந்தது. பரீட்சை ஹாலில் எனக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு மேஜை காலியாகக் கிடந்தது. அம்மாவிடம் அவள் கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. மன்னித்ததாகவும் சொல்லவில்லை. அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லையே. கேட்க வேண்டியவள் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போனேன். பிறகு கல்லூரி, மெக்கானிக்கல், கோயம்புத்தூர், வேலை. நான் வேகமான ஆள் இல்லையா? வேகமாகவே நின்றுபோனேன்.

போன மாதம் திருப்பரங்குன்றம் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பின் பெஞ்சுக்காரியைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. “அவ அங்கனதான்டி இருக்கா. அவுக அப்பாவப் பாத்துக்கிட்டு. அம்மா இப்ப பகல் ஷிஃப்டு” என்றாள். “கல் நெஞ்சுக்காரின்னு சொன்னோம்ல?” என்று அவளே கேட்டு, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அன்றிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். விட்ட பரீட்சையைத் தனித்தேர்வராக எழுதலாம். பரீட்சை நாட்களில் காலை எட்டிலிருந்து மதியம் இரண்டுவரை அவள் அப்பா பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். அது நானாக இருக்கலாம். ஆபீசில் லீவுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு நர்ஸ் அக்கா இருக்கிறார். உணர்வில்லாதவரை எப்படிப் புரட்டுவது, முழங்காலுக்கு நடுவே தலையணையை எப்படி வைப்பது, தோலில் சிவப்பு தெரிந்தால் என்ன செய்வது என்று ஒரு வாரமாக அவரிடம் கற்றுக்கொள்கிறேன். என் அப்பாதான் மாதிரி நோயாளி. “ஏய், மெதுவா! எனக்கு உணர்ச்சி இருக்குடி!” என்று கத்துகிறார். நேற்று ஆறாவது தடவையில் கத்தவில்லை.

விண்ணப்பத்தை நானே நிரப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்து எடுத்துப் போகலாமா என்று கை பரபரத்தது. நிரப்பவில்லை. படிவத்தை வாங்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வீட்டில் இருப்பார். அன்றைக்குப் போகிறேன். முதலில் அம்மாவிடம், அந்தச் செவ்வாய்க்கிழமை உங்கள் மகள் ஏன் தாமதமாக வந்தாள் என்று நான்தான் சொல்லப்போகிறேன். பிறகு அவளிடம், “பரீட்சை எழுதுறியா? எழுதுறதுன்னா அப்பா பக்கத்துல நான் இருக்கட்டுமா?” என்று கேட்பேன். கேட்டுவிட்டு, அவள் யோசித்து முடிக்கும்வரை அடுத்த வார்த்தை பேசக் கூடாது. புரட்டுவதைவிட எனக்கு அதுதான் கஷ்டம். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு வரவேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.